மலையில்லாத ஊரிலிருந்து

முதலாம் நாள்

முந்தநாளோடு கிளிநொச்சியில் எங்கள் காலபோக (மாரி நெல்) அறுவடை முடிந்தது. நெல்லு காய்ந்து மூட்டையாகிவிட்டது. அடுத்த கோடைப் பயிருக்கான சிறுபோகக் கூட்டம் வைத்துத் தண்ணீர் அளவு சொல்லும்வரை கொஞ்ச நாள் கை ஓய்வு. மூன்று வருசமாக வாயாலேயே போய்வந்த பயணத்துக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பயணம் இதுதான்: நக்கிள்ஸ் மலைத்தொடரில் கோர்பெட்ஸ் கெப் கணவாயிலிருந்து முதுகுப் பொதியோடு மீமுரே பள்ளத்தாக்குக்குள் இறங்குவது, ஹீன் கங்கைக் கரையில் ஓர் இரவு தங்குவது, மறுநாள் அதே உயரத்தைத் திரும்ப ஏறி வருவது. வான் வண்டி பிடித்துப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள். நாங்கள் நால்வரும் நடந்துதான் போவதென்று முடிவு. நான், தங்கச்சி, மச்சான், பக்கத்து வளவு அண்ணை. அண்ணைக்கு வேலை மிதிவெடி அகற்றுவது. எங்களில் பொறுமை கூடியவர் அவர்தான்.

இன்றைக்கு நடந்தது வரைபடம் பார்த்தது மட்டும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள்கள் இரண்டைத் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். எங்கள் பக்கத் தாள் முழுக்க நீலத் திட்டு. பெரிய குளம், சின்னக் குளம், குளத்துக்குக் குளம் ஓடுகிற வாய்க்கால். உயரம் காட்டுகிற பழுப்புக் கோட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். மலைத் தாளிலோ பன்னப்பாயின் பின்னல்போலக் கோட்டோடு கோடு ஒட்டிக் கிடக்கிறது. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு 20 மீற்றர் ஏற்றம். தங்கச்சி ஊசி முனையால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனாள். முப்பது தாண்டியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மலைக்குச் சிங்களத்தில் தும்பற. மூடுபனி படர்ந்த மலை என்று பொருள் சொல்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்த வெள்ளைக்காரருக்கு மடக்கிய கைமுட்டியின் மொளிகள்போலத் தெரிந்ததால் நக்கிள்ஸ் ஆனது. கொம்பனிய என்கிற உச்சிதான் அதில் ஆக உயரம், 1,906 மீற்றர். 2000-ம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவித்தார்கள். 2010-ல் ஹோர்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் எடுத்தது.

இரண்டாம் நாள்

பள்ளத்தாக்குப் பயணத்தில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. சாதாரண மலையென்றால் களைக்கக் களைக்க ஏறுகிறோம், முடியாவிட்டால் திரும்பி இறங்கி வந்துவிடலாம். பள்ளத்தாக்கு அப்படியில்லை. முதலில் இறக்கம். காலையில் சாப்பிட்ட தெம்பு, புதுச் சப்பாத்து, கதை, சிரிப்பு எல்லாம் கீழேதான் இழுத்துக்கொண்டு போகும். வீட்டுக்கு வருகிற வழிதான் ஏற்றம். அதை இரண்டாம் நாள், உடம்பு நொந்த பிறகு, வெயிலில் ஏறவேண்டும். கிணறு இறைக்கிற ஊர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சேறு அள்ள இறங்கினவனுக்குத் தெரியும், மேலே வருகிற கடைசிப் பத்து அடி என்ன பாடுபடுத்தும் என்று.

அதனால் நேரக் கணக்கை இறக்கத்திலிருந்து தொடங்காமல் ஏற்றத்திலிருந்து தொடங்கினோம். 1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்கிற ஸ்கொட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: சமதரையில் 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீற்றர் உயரத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். அது பழகிய ஆளுக்கு, இளைப்பாறாமல் நடப்பதற்கு. பாரம் சுமக்கிற எங்களைப்போன்ற ஆட்கள் அதில் பாதியைக் கூட்டிக்கொள்வது நல்லது. பகல் பன்னிரண்டு மணித்தியாலந்தான். பள்ளத்துக்குள் வெயில் அதற்கு முன்னமே மலைக்குப் பின்னால் போய்விடும். ஆகவே இரண்டாம் நாள் விடிய ஆறரைக்கு நடை தொடங்கவேண்டும், மத்தியானத்துக்கு முன்னம் ஏற்றத்தின் பெரிய பங்கு முடியவேண்டும். தாளில் முதலில் எழுதிய வரி இதுதான்.

மூன்றாம் நாள்

600 மீற்றர் ஏறிப் பழகக் கிளிநொச்சியில் மலைக்கு எங்கே போவது? குளக்கட்டுக்குத்தான் போனோம்.

இரணைமடுக் குளத்தில் இப்போது தண்ணீர் தளம்பிக்கொண்டு நிற்கிறது. கனகராயன் ஆறு மாரி முழுக்கக் கொண்டுவந்து நிரப்பிய தண்ணீர். கட்டின் வெளிப்பக்கத்தில் கீழேயிருந்து மேலே வரும் படியை மச்சான் கயிறு விட்டு அளந்தான். நாங்கள் எடுத்த இடத்தில் நிலைக்குத்து உயரம் 10 மீற்றர். அறுபது தடவை ஏறினால் 600. ஆளுக்கு எட்டுக் கிலோ நெல்லை உரப்பையில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு விடிய ஐந்தரைக்குத் தொடங்கினோம். கட்டில் சைக்கிளில் போன மீன்காரர் நின்று பார்த்து, "என்ன தம்பியவை, ஆமிக்கோ சேரப் போறியள்?" என்றார்.

பதினைந்தாவது தடவை வரைக்கும் கதைத்தோம். இருபத்தைந்தில் மூச்சுச் சத்தம் மட்டும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் தொடையின் முன்பக்கம் நடுங்கத் தொடங்கியது. நான் எதிர்பார்க்காதது அது. நாற்பதோடு நிறுத்திவிட்டோம். மிச்சம் இருபது.

பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற மலையகத்து ஐயாவிடம் போனேன். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டுவிட்டு இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். மாத்தளைப் பக்கம், இறத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கிளிநொச்சியில் நாற்பது வருசத்துக்கு மேல் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"கால நீட்டி வெக்காத தம்பி. கொழுந்துக் கூடையோட பொம்பளைங்க எப்புடி ஏறும் தெரியுமா? சின்ன சின்ன அடியா. நிக்காம ஏறும். நீ வேகமா ஏறி ஏறி நிப்ப. அதான் களைக்கும்."

எழுந்து முற்றத்து மணலில் நடந்து காட்டினார். எழுபது தாண்டிய மனிதர். இறங்கும்போது முழங்காலை நேரே விறைக்க வைக்கக் கூடாது, எப்போதும் கொஞ்சம் மடிந்திருக்கவேண்டும். குதிக்காலைக் குத்தாமல் முழுப் பாதமும் படவேண்டும். சரிவு கூடினால் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி இறங்கவேண்டும். பொல்லு ஒன்று கட்டாயம், இறக்கத்துக்கு அதை நீளமாகப் பிடிக்கவேண்டும். "நடக்கிறப்ப வேடிக்க பாக்காத. பாக்கணும்னா நின்னு பாரு. அங்க விழுந்தவங்கெல்லாம் பாத்துக்கிட்டே நடந்தவங்கதான்." அட்டைக்கு அவர் சொன்னது சவுக்காரத்தை ஈரமாக்கிக் காலுறைமேல் தடவுவது. கடித்தால் பிடுங்கி இழுக்காமல் நகத்தால் வாயோரம் தள்ளிவிடுவது.

நான்காம் நாள்

காலையில் ஐயா சொன்னபடி சின்னச் சின்ன அடி வைத்து அறுபதும் ஏறி முடித்தோம். இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரு தடவையும் நின்று மூச்சு வாங்கவில்லை.

ஐந்தாம் நாள்

இன்றைக்குப் பொதி கட்டினோம். எழுத நிறைய இருக்கிறது.

நெல்லு நிறுக்கிற தொங்கு தராசை மாமரக் கிளையில் கட்டி என்னுடைய பையைக் கொழுவினேன். 17 கிலோ 300 கிராம். முதுகில் போகிற பாரம் உடம்பு நிறையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டாமல் இருப்பது நல்லதென்று மலையேறுபவர்கள் சொல்வார்கள். நான் 62 கிலோ. 12 கிலோ 400-ல் நிற்கவேண்டும். ஐந்து கிலோ இறக்கவேண்டும், எதை இறக்குவது என்றுதான் தெரியவில்லை. எல்லாம் தேவையாகத்தான் பட்டது.

அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பை வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அவருக்கு அதைப் பிடிக்கவில்லை. கொழுவியிருந்த இடத்திலிருந்து எடுத்து இரண்டு தடவை கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டிருந்தார். நான் ஏனென்று கேட்கவில்லை. 2009-ல் எனக்குப் பதின்மூன்று வயது. கேட்கத் தேவையில்லை.

வந்து, பையைத் தராசிலிருந்து இறக்கி, நிலத்தில் சாக்கை விரித்து எல்லாவற்றையும் கொட்டினார்.

"முதல் நாள் எல்லாத்தையும் தூக்கலாம் தம்பி. பேந்து ஒவ்வொண்டா றோட்டில வைச்சிட்டுப் போவாய். பரந்தன் றோட்டில பாத்தனீதானே, தையல் மெசின், கிரைண்டர், தண்ணி மோட்டர், கலியாண அல்பம். எல்லாம் வேணுமெண்டுதான் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டது."

பிறகு கதைக்கவே இல்லை. கை மட்டும் வேலை செய்தது. இரண்டாவது காற்சட்டை ஒரு பக்கம் போனது. துவாய் போனது, அதற்குப் பதில் ஒரு பழைய சாரம் வந்தது. போர்வை, துவாய், நிழல், காயம் கட்டுகிற துணி, ஆளைத் தூக்குகிற தூளி, எல்லாம் அது ஒன்றே. முழுச் சவுக்காரக் கட்டியைக் கத்தியால் நாலாக வெட்டி ஒரு துண்டை வைத்தார். ரின்மீன் இரண்டும் வெளியே. சோறு காய்ச்சுகிற பெரிய சட்டி வெளியே. பொதியில் பாரமான சாமான் முதுகெலும்போடு ஒட்டி, தோளுக்குக் கிட்ட வரவேண்டும் என்று மலையேறும் ஆட்கள் சொல்வதை நான் வாசித்திருந்தேன். அம்மா வாசிக்காமலே அப்படித்தான் அடுக்கினார். அடியில் சாரம், நடுவில் முதுகுப் பக்கமாகத் தண்ணீரும் சாப்பாடும், மேலே மழைத் தறப்பாள், இருட்டில் கை விட்டதும் வருகிற இடத்தில் ரோச் லைற். அடையாள அட்டை பைக்குள் இல்லை. "அது உடம்பிலதான் இருக்கோணும்."

தீப்பெட்டிக்குத்தான் கனநேரம் எடுத்தார். மெழுகுதிரியைக் கொளுத்தி, குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மருந்துத் தலை மூழ்கும் அளவுக்கு மட்டும் உருகின மெழுகில் தோய்த்து, சாக்கில் வரிசையாகக் காயவைத்தார். இருபது குச்சி. காய்ந்ததும் பழைய மாத்திரைப் போத்தலுக்குள் போட்டு, தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தை வெட்டி உள்ளே மடித்து வைத்து மூடினார். தண்ணீருக்குள் போட்டாலும் பற்றும். அப்போது வாரக்கணக்கில் ஈரப் பதுங்குகுழிக்குள் இருந்தபோது எங்கள் வீட்டு அடுப்பு இப்படித்தான் பற்றியது. இத்தனை வருசத்தில் அந்தப் போத்தலை நான் மறந்தேவிட்டேன். அம்மாவின் கை மறக்கவில்லை.

திரும்ப நிறுத்தோம். தண்ணீர் மூன்று லீற்றரோடு 11 கிலோ 900.

சாப்பாட்டையும் அவரே தீர்மானித்தார். வறுத்த அரிசிமாவும் பயறும் சேர்த்த சத்துமா, பனங்கட்டி, கச்சான், புழுக்கொடியல், முதல் நாளுக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும். புழுக்கொடியலுக்கு இணையான நடைச் சாப்பாடு எந்தக் கடையிலும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்ததால் பாரமில்லை, பழுதாகாது, மெல்ல மெல்லப் பசி ஆறும். அடுப்புக்குச் சின்ன காஸ் அடுப்பு ஒன்று. பாதுகாக்கப்பட்ட காட்டில் நெருப்பு மூட்டக் கூடாது. இந்த மாதங்களில் அங்கே பத்தனைப் புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும்.

ஆறாம் நாள்

ஒத்திகை. முழுப் பொதியோடு வாய்க்கால் பாதையால் மாமாவின் வயல் கொட்டில்வரை நடந்து, அங்கே இரவு தங்கி, காலையில் திரும்பி வருவது. போகவர 18 கிலோமீற்றர்.

பாதையின் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வீரையும் பாலையும் நிற்கிற காடு. இளைப்பாற மச்சான் காட்டுப் பக்க நிழலுக்கு ஓர் அடி எடுத்து வைத்தான். அண்ணை அவன் பையைப் பிடித்து நிறுத்தினார். அந்தக் காணி துப்புரவாக்கிக் கையளித்ததுதான், அவருக்கும் தெரியும். ஆனாலும் பாதையை விட்டு இறங்காத பழக்கத்தை ஒரு நாளும் உடைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. மலையிலும் அதே சட்டம்தான் என்றார். குறுக்கு வழி தெரிகிறதென்று இறங்கினால் புல்லுக்குக் கீழே தரை இருக்கிறதா, வெறும் பள்ளமா என்று தெரியாது. பாதை தவறினால் முன்னுக்குப் போய்த் தேடாமல், கடைசியாகப் பாதை நிச்சயமாக இருந்த இடத்துக்கு வந்த அடியில் திரும்பவேண்டும். நால்வரில் ஆக மெதுவான ஆள் முன்னுக்கு, அண்ணை கடைசியில். இந்த ஒழுங்கையும் அவர்தான் போட்டார்.

ஏழாவது கிலோமீற்றரில் தங்கச்சியின் குதிக்காலில் கொப்புளம். அவள் சொல்லாமல் இன்னும் ஒரு கிலோமீற்றர் நடந்திருக்கிறாள். கழற்றிப் பார்த்தபோது தோல் கிழிந்துவிட்டது. காலில் சூடு தெரிந்த உடனேயே நின்று பிளாஸ்டர் ஒட்டியிருந்தால் ஒன்றுமில்லாமல் போயிருக்கும். இனி யாருக்குச் சூடு தெரிந்தாலும் அந்த நிமிடமே எல்லாரும் நிற்பது என்று பேசி முடிவெடுத்தோம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரவு யானை வரவில்லை. தூரத்தில் யானை வெடிச் சத்தம் மட்டும் இரண்டு தடவை. பனி நன்றாக இறங்கியது, விடிய மூன்று மணிக்குச் சாரத்துக்குள் நடுங்கினேன். 1,000 மீற்றர் உயரம் போனால் கிட்டத்தட்ட ஆறரைப் பாகை குளிர்ந்துவிடும். காற்றும் சேர்ந்தால் இந்தச் சாரம் காணாது. 400 கிராம் கூடினாலும் பரவாயில்லை, கம்பளிச் சட்டை ஒன்று எல்லாருடைய பைக்குள்ளும் போகிறது.

எட்டாம் நாள்

மீமுரேயில் இருக்கிற வழிகாட்டியோடு தங்கச்சி அலைபேசியில் சிங்களத்தில் கதைத்தாள். ஆற்றங்கரைக்குக் கிட்ட ஊராருடைய காணியில் கூடாரம் போடலாம் என்றார். வனத்துக்குள் போக வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு வாசலிலேயே எடுக்கவேண்டும். ஆற்றைப் பற்றித்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். உங்கள் தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கும், மேலே மலையில் மழை பெய்திருக்கும், தெளிந்த தண்ணீர் கலங்கி இலை குழை மிதந்து வந்தால் அந்த நொடியே கரையேறு. கூடாரம் தண்ணீருக்குப் பக்கத்தில் வேண்டாம், மேட்டில் போடு.

குளம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதிது. எங்கள் தண்ணீர் சொல்லிக்கொண்டு வரும். அளவுகோலில் அடி அடியாக ஏறும், வான் கதவு திறக்கப் போகிறார்களென்று ஒலிபெருக்கி கட்டிச் சொல்வார்கள். அங்கே சொல்ல ஆளில்லை.

இன்னொன்றும் பார்க்கவேண்டியிருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடும். மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேறு. எங்கள் பாதை இருக்கிற பிரிவுக்கு மஞ்சள் விழுந்தாலே போவதில்லை. இதை முன்கூட்டியே பேசி முடித்தோம், பஸ் காசு கட்டின பிறகு மனம் வேறு மாதிரிக் கதைக்கும் என்பதால். இன்று பின்னேரம்வரை ஒரு நிறமும் இல்லை.

ஒன்பதாம் நாள்

கடைசி வேலை. போகிற பாதையையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். எந்த மலைப் பயணத்துக்கும் இது வேண்டும். அலைபேசி அங்கே எல்லா இடமும் எடுக்காது. தேட வருபவர்களுக்கு எங்கே, எப்போதிலிருந்து தேடுவதென்று தெரியவேண்டும்.

நான் எழுதினேன். சனி காலை கணவாயில் இறக்கம். சனி இரவு ஆற்றங்கரை மேடு. ஞாயிறு ஆறரைக்கு நடை. ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குள் மேலே. ஆறு மணிக்குள் வீட்டுக்கு அழைப்பு. வராவிட்டால் முதலில் வழிகாட்டி, பிறகு 119. இலக்கங்களைப் பெரிதாக எழுதினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். வரைபடத்தைக் கேட்டார். காட்டினேன். எங்கே படுப்பீர்கள் என்று கேட்டார். அந்த இடத்தில் பேனையால் புள்ளி போட்டேன். மேலே வர எத்தனை மணித்தியாலம் என்று கேட்டார். ஐந்து, கூடினால் ஆறு என்றேன்.

சின்ன மாமா 2009 மாசியில், மாத்தளனில் தறப்பாளுக்குள் எங்களை இருத்திவிட்டு, விட்டுவந்த அரிசிமூட்டையை எடுத்துவரப் போனவர். "உடன வந்திடுவன்" என்றுதான் சொன்னார். எத்தனை மணிக்கென்று சொல்லவில்லை. எந்தப் பாதையாலென்று நாங்கள் கேட்கவும் இல்லை.

"ஆறு மணியெண்டு எழுதியிருக்கிறாய்."

"ஓம் அம்மா."

"ஆறரை ஆகலாமெண்டால் ஆறரையெண்டு எழுது. நான் ஆறு மணியிலயிருந்து பாத்துக்கொண்டிருப்பன்."

யோசித்தேன். தங்கச்சியின் கால் இன்னும் முழுக்க ஆறவில்லை. ஆறை வெட்டிவிட்டு ஏழரை என்று எழுதினேன். அம்மா அதைத் திரும்ப வாசித்துவிட்டு, நாலாக மடித்து, சாமிப் படத்துக்குப் பின்னால், அடையாள அட்டைகளும் காணி உறுதியும் வைக்கிற பொலித்தீன் பைக்குள் வைத்தார். பிறகு யோசித்து, வெளியே எடுத்து, மேசையில் மணிக்கூட்டுக்குக் கீழே வைத்தார்.

பஸ் இரவு பத்தரைக்கு. முறிகண்டியில் நிற்கும்போது தேங்காய் உடைக்கச் சொல்லிக் காசு தந்திருக்கிறார்.